எங்க வீட்ல அவங்க

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த வருடம், ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மானிட்டரின் நெற்றியில் ஒரு பொட்டு, சிபியு பெட்டிக்கு ஒரு பொட்டு என்று நிறுத்தியிருக்கலாம். அவருக்கு மனம் ஆறவில்லை. கீபோர்டிலும் வரிசைக்கு ஒன்றாகச் சந்தனத்தைக் குழைத்து வைத்துவிட்டார். அது காய்ந்து உள்ளே இறங்கி, அடுத்த நாலைந்து மாதங்களுக்கு 'ர' அடிக்கிற பொத்தானை அழுத்தினால் மேலே எழும்பாது. ஆரணி என்று அடித்தால் ஆர்ர்ர்ர்ர்ணி என்று டவுன் பஸ் கிளம்புகிற மாதிரி திரையில் ஓடும்.

"எந்தப் பொத்தான் எதுக்குன்னு எனக்கு இன்னா தெரியும்? எல்லாத்துக்கும் சமமா வெச்சேன்" என்றார்.

இப்படி எல்லாவற்றையும் சமமாகப் பார்க்கிற அந்த மனுஷிதான் என்னோடு வாழ்பவர். போஸ்ட் ஆபீசில் கிளார்க். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு, எனக்கு முப்பத்தைந்து. என் மகள் எட்டாம் வகுப்பு. சேவூர் போகிற சாலையில் ஒரு மாடிப் போர்ஷனில் மூன்று பேரும் இருந்தோம்.

என் வேலை பட்டுச்சேலைக்கு டிசைன் வரைவது. கட்டம் போட்ட தாளில் பார்டரும் முந்தானையும் வரைந்து கொடுப்பேன். மற்றபடி எனக்குக் கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அந்த வாழ்க்கை சரிப்பட்டு வராமல், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்த பிறகு, தொண்ணூறுகளின் நடுவில் குழந்தையோடு ஆரணிக்கே திரும்பி வந்தேன். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. என்ன குறை என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

வரைந்த தாள்களைச் சுருட்டி வெளியூருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புவேன். அப்படிப் போன ஒரு நாளில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் புதிதாக மாற்றலாகி வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் சுருளை வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, உள்ள பூரிக்கட்டையா?"

"சேலை டிசைனுங்க."

"பிரிச்சிக் காட்டுங்க, பாக்கறேன்" என்றார். விதியில் அப்படி எதுவும் இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பிரித்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோழி நல்லா கீது" என்றார்.

"அது மயிலுங்க."

"நான் தேசூர் பக்கம். கொல்லையில மயிலு மேயறதப் பாத்துகினு வளந்தவ. மயிலுக்குக் கழுத்து இப்டியா இருக்கும்?"

எனக்கு வந்த கோபத்தில் அன்று மிச்சமிருந்த வேலை ஒன்றும் ஓடவில்லை. சாயந்திரம் உட்கார்ந்து கழுத்தை மாற்றி வரைந்தேன். அடுத்த வாரம் அதை அவரிடம் காட்டுவதற்கென்றே போனேன். "இப்போ மயிலு" என்றார். பிறகு எனக்கு வாரத்துக்கு இரண்டு தடவை தபால் அனுப்ப வேண்டியிருந்தது. சில வாரங்களில் அனுப்புவதற்கு ஒன்றும் இல்லாமல் வெறும் இன்லாண்ட் லெட்டர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வீட்டில் அவை அடுக்காகச் சேர்ந்தன.

ஒரு வருடம் கழித்து எங்கள் மாடியில் குடி வந்தார். முதலில் 'அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதன்பின் 'அக்கா' என்று கூப்பிட முடியாத நிலைமை வந்தது. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் 'ஏங்க', 'இந்தாங்க', 'இங்க பாருங்க' என்று வருடக்கணக்காக ஓட்டிவிட்டேன். என் மகள் அவரைப் பெரிம்மா என்றாள். அவளுக்கு அதில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

ஊருக்கும் இல்லை. இரண்டு பெண்கள் ஒன்றாகக் குடியிருந்தால் துணைக்குத் துணை என்று நினைத்துக்கொண்டது. என் அண்ணனுக்கு மட்டும் உறுத்தியது, அதுவும் வேறு காரணத்துக்காக. என்னோடு இருப்பவருடைய தெரு அவர் கிராமத்தில் ஊருக்கு வெளியே இருந்த தெரு. கூலி வேலை செய்த குடும்பத்தில் முதன்முதலாக அரசு வேலைக்கு வந்தவர் அவர். அண்ணன் ஒருநாள் வந்து, "ஒண்ணா குடியிருக்கறது சரி. ஒரே அடுப்பா?" என்று கேட்டார்.

"இன்னொரு அடுப்புக்கு கேஸ் கனெக்‌ஷன் நீங்க எழுதிப் போட்டு வாங்கித் தரீங்களா?" என்றேன்.

அந்தக் காலத்தில் கேஸ் கனெக்‌ஷன் வாங்குவது எவ்வளவு பெரிய பாடு என்று அண்ணனுக்குத் தெரியும். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

கம்ப்யூட்டர் என் டிசைன் வேலைக்காக வந்தது. சேலை வியாபாரிகள் ஒவ்வொருவராகத் தாளை விட்டு மாறிக்கொண்டிருந்தார்கள். நானும் மூன்று மாதம் கற்றுக்கொண்டு, மூடப்போகிற ஒரு கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து பழைய பெட்டி ஒன்றை எடுத்து வந்தேன். மவுசை நகர்த்தினால் மயிலின் கழுத்து நீளும் என்பதைப் பார்த்த அன்றே நான் அதற்கு அடிமை. தூசு தட்டும்போதுகூட அதோடு பேசுவேன் என்று வீட்டில் என்னைப் பற்றி ஒரு புகார் உண்டு. அது பொய் இல்லை.

பிறகு இன்டர்நெட் வந்தது. டெலிபோன் லைனிலேயே வரும். கொக்கரித்து, கீச்சிட்டு, இரைந்து, ஒருவழியாகப் பிடிக்கும். பிடித்துவிட்டால் வீட்டுக்கு வேறு போன் வராது. தேசூரிலிருந்து அவருடைய தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் போன் போட்டுப் பார்த்து, எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிட்டார். வந்தவருக்கு மதியச் சாப்பாடு போட்டு, இன்டர்நெட் என்றால் என்ன என்று விளக்கினேன். "இதுக்கு லெட்டரே போட்டுருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். போஸ்ட் ஆபீஸ்காரருக்கு அன்று ஏகப்பட்ட சந்தோஷம்.

அப்படியொரு காலையில்தான் எங்கெங்கோ தேடி ஒரு பக்கத்தைப் படித்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சொல் இருக்கிறது என்று தெரிந்தது. லெஸ்பியன். அதுவரை எனக்கு எது குறை என்று சொல்லத் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், அது குறையே இல்லை என்பதுதான்; அந்தப் பக்கத்தில் யாரோ அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இன்னா இது, இருமல் மருந்து பேரு மாதிரி கீது?"

"நம்ம பேருங்க."

"அய்ய!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம். அப்புறம் அங்கிருந்தே குரல் வந்தது. "நம்மள மாதிரி எத்தினி பேரு கீறாங்கன்னு அதுல போட்டுகீதா?"

பதில் தேடுவதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

வலைப்பூ என் மகளின் வேலை. ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் முன் வந்த விடுமுறையில் அவளுக்குப் பொழுது போகவில்லை. தமிழிலேயே எழுதலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பேர் சொல்லத் தேவையில்லை என்று சொல்லி எனக்கு ஒன்று திறந்து கொடுத்தாள். "உனக்குத்தான் பேசறதுக்கு ஆள் பத்தறதில்லையேம்மா. எழுது" என்றாள்.

முதலில் எழுதியது கத்திரிக்காயைப் பற்றி. மார்க்கெட்டுக்கு அனுப்பினால் அவர் எடுத்து வருகிற கத்திரிக்காயில் பாதிக்கு மேல் ஏற்கெனவே யாராவது குடியிருப்பார்கள். புழு உள்ள காயைத்தான் மருந்து அடிக்காத காய் என்று நம்புகிற கட்சி அவர். அதை எழுதும்போது அவரை எப்படிக் குறிப்பிடுவது என்று யோசித்தேன். வீட்டில் கூப்பிடவே வார்த்தை இல்லாதவளுக்கு எழுத்தில் மட்டும் எங்கிருந்து வரும்? 'எங்க வீட்ல அவங்க' என்று எழுதினேன். வாயில் வருகிற வார்த்தை அதுதான். வேறு எந்த யோசனையும் அதில் இல்லை என்று சத்தியம் செய்யத் தயார்.

இரண்டு நாளில், படித்தவர்கள் அதன் கீழே எழுதிய ஆறு பின்னூட்டங்கள். சிங்கப்பூரிலிருந்து ஒன்று, சேலத்திலிருந்து ஒன்று. துபாயிலிருந்து ஒரு பெண் 'மீ த ஃபர்ஸ்ட்டு', அதாவது நான்தான் முதல் ஆள், என்று ஆரம்பித்து நீளமாக எழுதியிருந்தார். 'உங்க வீட்டுக்காரரும் எங்க வீட்டுக்காரரும் ஒரே பள்ளிக்கூடம் போல. ஆம்பளைங்களைக் காய் வாங்க அனுப்பினா இதுதான் கதி.'

மகள் சத்தமாகப் படித்தாள். கேட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"யாரது வீட்டுக்காரரு?"

"நீதான் பெரிம்மா!" மகளுக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது.

"எனக்கு மீசை வெச்சிட்டியா நீ?" என்று என் பக்கம் திரும்பினார்.

"நான் வைக்கலீங்க. 'அவங்க'ன்னுதான் எழுதனேன். மீசை அவங்களே வெச்சிக்கினாங்க."

உண்மையும் அதுதான். நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. மறுத்துச் சொல்லவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் வசதியாக ஓர் இடம் இருந்தது, அதில் நான்கு வருடங்கள் உட்கார்ந்துகொண்டேன்.

உட்கார்ந்த நாட்கள் நன்றாகவே இருந்தன. வாரத்துக்கு இரண்டு பதிவு. குடையைத் தொலைத்துவிட்டு மழையைத் திட்டுகிறவர், ரிமோட்டைத் துண்டில் சுற்றிப் பத்திரப்படுத்துகிறவர், குறட்டையே விடுவதில்லை என்று சாதிக்கிறவர் என்று அவரைப் பற்றி எழுத எழுத வாசகர்கள் கூடினார்கள். அவருக்கு 'மாமா' என்று பேர் விழுந்தது. 'மாமா ரசிகர் மன்றம்' என்று ஒன்றைத் துபாய்ப் பெண் ஆரம்பித்து அவரே தலைவியானார்.

ஒருநாள் நான் சாம்பாரைப் பற்றி எழுதியிருந்தேன். அவங்க வைத்தால் சாம்பார், ரசம், தண்ணீர் மூன்றும் ஒரே நிறம் என்று. அதன் கீழே 'பாதிக்கப்பட்டவன்' என்ற பேரில் யாரோ பின்னூட்டம் போட்டிருந்தான். 'போன செவ்வாய்க்கிழமை உப்பை ரெண்டு தடவை போட்டது யார் என்று இந்த அம்மா எழுதுவாரா? உப்பு டப்பா அடுப்புக்கு இடப்பக்கம், காபித்தூளுக்குப் பின்னால் இருக்கிறது. அதைக் கேட்டால் அது சொல்லும்.'

எவனோ ஒருவன் எங்கள் சமையலறைக்குள் வந்து பார்த்திருக்கிறான்! ஜன்னலைச் சாத்தினேன். கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன். மகளைக் கூப்பிட்டு, "இனிமே ஒண்ணியும் எழுத வேணாம், பேஜாரா பூடும்" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு பெரிம்மாவைப் பார்த்தாள். பெரிம்மா வெகு கவனமாக ஒரு வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

தமிழ் அடிக்க அவருக்கு மகள்தான் ரகசியமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நான் சேலைக் கடைகளுக்குப் போகிற நேரத்தில் பாடம் நடந்திருக்கிறது.

"பாதிக்கப்பட்டவன்னு ஆம்பளப் பேரு எதுக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாரும் ஆம்பளன்னு முடிவு பண்ணிட்டாங்க. நான் ஒருத்தி போயி அத்த இன்னாத்துக்குக் கெடுக்கணும்?"

அதிலிருந்து எங்கள் வீட்டில் கும்மி, அதாவது பின்னூட்டச் சண்டை, ஆரம்பித்தது. நான் பதிவு போடுவேன். அவர் வந்து மறுப்பார். மகள் 'நடுவர்' என்ற பேரில் தீர்ப்புச் சொல்லுவாள், பெரும்பாலும் எனக்கு எதிராக. வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஒருவர் எழுந்தால் மற்றவர் உட்கார வேண்டும். நான் ஆத்திரமாக ஒரு வரி அடித்துவிட்டு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவேன். அவர் உட்கார்ந்து, ஒரு விரலால், எழுத்துக்கு எழுத்து யோசித்துப் பதில் அடிப்பார். "ஜல்தியா அடிங்க, சோறு ஆறுது" என்று நான் உள்ளேயிருந்து கத்துவேன். "நீ சும்மா கட. சண்டையில அவசரப்பட்டா மிஸ்டேக் வரும்" என்பார். சிங்கப்பூரிலும் சேலத்திலும் இருந்தவர்கள் அங்கிருந்தே விசிலடித்தார்கள். பத்தடி நீளமுள்ள அறையில் நேருக்கு நேர் பேசித் தீர்த்துவிடக்கூடிய விஷயத்துக்கு ஐம்பது அறுபது பின்னூட்டங்கள் ஓடும். பிராட்பேண்ட் வந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

மகள் பிளஸ் டூ எழுதி முடித்த கோடையில் துபாய்ப் பெண்ணிடமிருந்து ஈமெயில் வந்தது. தங்கைக்குக் கல்யாணம், பட்டு எடுக்க ஆரணிக்கே வருகிறோம், கணவரும் வருகிறார், உங்கள் வீட்டுக்கு வராமல் போகமாட்டேன், மாமாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று எழுதியிருந்தார். ஆச்சரியக்குறிகளை எண்ண முடியவில்லை.

நான் அதை இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன்.

"வரட்டுமே. நல்ல வெஷயம்தான?" என்றார் அவர்.

"அவங்க... உங்களப் பாக்கணும்ன்றாங்க."

"பாக்கட்டும். ஞாயித்துக்கெழம லீவுதான் எனக்கு."

"அதில்லீங்க. அவங்க ஊர்ல இல்ல, வேலையா வெளியூர் போய்கீறாங்கன்னு சொல்லிடலாம்னு பாக்கறேன்."

"யாரு ஊர்ல இல்ல? நானா?"

"சும்மா சொல்றதுக்குத்தான்."

"செரி. நான் ஊர்ல இல்ல. அப்போ அன்னிக்கு இந்த வூட்ல இருக்கப் போற நான் யாரு?"

நான் சொன்ன பதில், வாயைத் திறந்திருக்கவே வேண்டாம் என்கிற மாதிரி இருந்தது. "கூடக் குடியிருக்கிற அக்கான்னு..."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவர் கோபமே படவில்லை. மறுநாள் மார்க்கெட்டுக்குப் போய்க் காய் வாங்கி வந்தார். ஆபீசுக்குப் போனார், வந்தார், என்ன வேண்டுமென்று கேட்டால் சொன்னார். பதிவு ஒன்று போட்டேன், வேண்டுமென்றே அவர் குறட்டையைப் பற்றி. பாதிக்கப்பட்டவன் வரவில்லை. மாமா எங்கே, மாமா எங்கே என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்காலி காலியாகக் கிடந்தது.

"போய் சாரி சொல்லும்மா" என்றாள் மகள்.

"இன்னான்னு சொல்றது?"

"அது நடுவர் சொல்லக் கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தார்கள். துபாய்ப் பெண் நான் நினைத்ததைவிடக் குள்ளம், நினைத்ததைவிட அதிகமாகப் பேசினார். கணவர் உயரமாக, எனக்கென்று வாசகர்கள் நான்கு வருடங்களாகக் கற்பனை செய்துவைத்திருந்த அதே மீசையோடு இருந்தார். அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தோம். அந்தப் பெண் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுலதான் எழுதறீங்களா? இதுதான் அந்த ஜன்னலா? இவதான் நடுவரா?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு அவர் கண் வாசலுக்குப் போனது. அங்கே ஆண் செருப்பு எதுவும் இல்லை, அவருடைய கணவருடையதைத் தவிர.

"மாமா எங்கேங்க?"

அதற்கு என்ன சொல்வது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை. அந்த நொடி வரைக்கும் வெளியூர்தான் என் வாயில் இருந்தது. அப்போது அவர் உள்ளேயிருந்து காபித் தட்டோடு வந்து நிலைப்படியில் நின்றார். நல்ல சேலை கட்டியிருந்தார், நான் வரைந்த பார்டர் போட்டது. என்னைப் பார்க்கவில்லை. தட்டில் காபி சிந்தாமல் இருக்கிறதா என்பதையே பார்த்துக்கொண்டு, நான் அவரை யார் என்று சொல்லப் போகிறேன் என்பதற்காக நின்றார்.

"இவங்கதாங்க" என்றேன்.

"எவங்க?" என்றார் மீசைக்காரர்.

"நான் எழுதற 'அவங்க'. இவங்கதான்."

அவர் எட்டி, நிலைப்படிக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். தட்டைப் பிடித்திருந்தவர் பொறுமையாகச் சொன்னார். "உள்ள வேற யாரும் இல்லீங்க. நான் மட்டும்தான். சக்கர போதுமா பாருங்க."

அந்தப் பெண் டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை. என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார். மகள் அவரை நேராகப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு என்னைவிடத் தைரியம் ஜாஸ்தி.

"நான் நாலு வருஷமா உங்களுக்கு மீசை வெச்சுப் பார்த்துட்டு இருந்தேன்" என்றார் கடைசியில்.

"எல்லாரும் அப்டித்தாங்க. சில நாளு நானே கண்ணாடியில தேடுவேன்."

மகள் வெடித்துச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. அவருடைய கணவர் சிரிக்கவில்லை. காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ரொம்ப நேரம் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். பிறகு, பேசுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று, துபாய்க்குப் பார்சல் போய்ச்சேர எத்தனை நாளாகும் என்று அவரிடம் கேட்டார். அவ்வளவுதான். எங்க வீட்ல அவங்களுக்கு இதைவிடப் பிடித்த கேள்வி உலகத்தில் இல்லை. கப்பலில் போனால் எப்படி, விமானத்தில் போனால் எப்படி, கட்டு எப்படிப் போட வேண்டும், துணியில் தைத்து அரக்கு எங்கே வைக்க வேண்டும் என்று அரை மணிநேரம் நடந்தது. முடியும்போது மீசைக்காரர் உண்மையிலேயே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் இருவரும் கூடப் போய்ப் பட்டு எடுத்துக் கொடுத்தோம். வழியெல்லாம் அந்தப் பெண் சேலையைப் பற்றி மட்டுமே பேசினார். வண்டி ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்க வீட்ல அவங்களைப் பார்த்துக் கும்பிட்டார், கையைப் பிடிக்கவில்லை. அதை இருவருமே கவனித்தோம்.

திரும்பி மாடிப்படி ஏறும்போது, "ஏங்க" என்றேன். "அக்கான்னு சொன்னது தப்புதான்."

"ஆமா" என்றார். நாலைந்து படி ஏறிய பிறகு, "அந்தாளு மீசைக்கு டை அடிக்கிறான், பாத்தியா?" என்றார்.

எனக்கு உயிர் வந்தது.

அதன்பின் இரண்டு மாதம் துபாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. ரசிகர் மன்றம் தலைவி இல்லாமல் கிடந்தது. நான் அதற்காகக் காத்திருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். காத்திருந்து அலுத்த ஒரு காலையில் உட்கார்ந்து எழுதினேன். எங்க வீட்ல அவங்க ஒரு பெண், நாங்கள் பத்து வருடங்களுக்கு மேல் ஒன்றாக வாழ்கிறோம், நான் லெஸ்பியன், எங்களுக்கு ஒரு மகள், கத்திரிக்காய் விஷயத்தில் நான் எழுதியது எல்லாம் உண்மை. போடுவதற்கு முன் அவரைப் படிக்கச் சொன்னேன். ஒரு இடத்தில் ஒற்றுப்பிழையைக் காட்டினார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பொத்தானை அவரே அழுத்தினார்.

சிலர் போய்விட்டார்கள். வருடக்கணக்காக 'சகோதரி' என்று எழுதியவர் ஒருவர், சொல்லிக்கொள்ளாமல் போனார். பேர் போடாத அனானிகள் சிலர் வந்து திட்டினார்கள். நடுவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தாள். சேலத்துக்காரர், 'அது கிடக்கட்டும், போன வாரம் எழுதின வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு?' என்று கேட்டிருந்தார். நான்காம் நாள் துபாயிலிருந்து வந்தது. 'மீ த லேட்டு' என்று ஆரம்பித்திருந்தது. தங்கைக்குச் சேலை ரொம்பப் பிடித்துவிட்டதாம். எனக்குப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நாள் பிடித்தது, மன்னிக்கணும் என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே வேலைக்கு வந்துவிட்டார். 'மாமா ரசிகர் மன்றம் என்ற பேரை இனி என்ன செய்வது? மாமி ரசிகர் மன்றமா?'

"மாமியா?" என்று கொதித்துப்போய் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் இவர். "நான் இன்னா அய்யர் வூட்டு மாமியா? நகரு நீ." ஒரு விரலால் அடித்தார். 'மேடம் என்று கூப்பிடலாம். ஆபீசில் அப்படித்தான்.' அதன்மேல் எண்பத்தேழு பின்னூட்டங்கள் நடந்தன. முடிவு எதுவும் எட்டப்படவில்லை.

மகள் சென்னையில் கல்லூரி சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். போகும்போது ஒரு வெப்கேம் வாங்கி மானிட்டர் தலையில் மாட்டிவிட்டுப் போனாள். சனிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்குப் பேசுவது என்று ஏற்பாடு. நாலரைக்கே இவர் தலைவாரி, பூ வைத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். பூ படத்தில் தெரியாது என்றால் கேட்க மாட்டார்.

முதல் நாள் மகள் முகம் கட்டம் கட்டமாக வந்தது. அவள் பின்னால் அறைத்தோழிகள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா, உன் நெத்தி மட்டும்தான் தெரியுது. பெரிம்மா, நீ காதக் காட்டாத. ரெண்டு பேரும் ஒட்டி உக்காருங்க."

ஒரு நாற்காலியில் இரண்டு பேர் ஒட்டி உட்கார்வது எப்படி என்று அவள் சொல்லவில்லை. நான் பாதி நாற்காலியிலும் பாதி அந்தரத்திலுமாக உட்கார்ந்தேன்.

"சாப்ட்டியா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

அவள் தோழிகள் பக்கம் திரும்பி, "இது எங்கம்மா. இது எங்க பெரிம்மா. ரெண்டு பேரும்தான் வீடு" என்றாள். அவர்கள் 'ஹாய் ஆன்ட்டி, ஹாய் ஆன்ட்டி' என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இவர் உடனே அங்கே தண்ணீர் எப்படி, பருப்பு வேகிறதா, கொசு உண்டா என்று விசாரணையைத் தொடங்கினார். கொசு என்று மகள் சொல்ல ஆரம்பித்ததும் படம் நின்றுவிட்டது. வாய் பாதி திறந்தபடி, ஒரு கண் மூடியபடி அப்படியே நின்றாள். குரல் மட்டும் எங்கிருந்தோ விட்டுவிட்டு வந்தது.

"புள்ளைக்கு இன்னா ஆச்சி?" என்றார் இவர்.

"ஒண்ணும் ஆவலீங்க. லைன் ஸ்லோ. தானா வரும்."

"வர வரைக்கும் உக்காந்துருக்கலாம்" என்று எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்தார். நின்றுபோன அந்த முகத்தைப் பார்த்து, இளைத்திருக்கிறாள் என்று அவரும், இல்லவே இல்லை என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தோம்.